வென்றவனின் கழுத்து

அமெரிக்காவின் டேடோனா 500 கார்ப் பந்தயத்தை ஒட்டி ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு கதை சொல்லப்படுகிறது. 2001ஆம் ஆண்டுப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில், கடைசித் திருப்பத்தில், டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அந்த மரணம்தான் பந்தயத்தை மாற்றியது. தன் உயிரைக் கொடுத்து, பின்னால் வந்த அத்தனை ஓட்டுநர்களையும் அவர் காப்பாற்றிவிட்டார். கேட்கும்போது தொண்டை அடைக்கிற கதைதான். ஆனால் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரை மட்டும் உட்காரவைத்த கதை. மீதி மூன்று பேரை எழுப்பி வெளியே அனுப்பியது யார், ஏன் என்பதைத்தான் நான் கேட்க வருகிறேன்.

பந்தயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. நாஸ்கார் என்பது பில் பிரான்ஸ் என்பவர் முன்னின்று 1948இல் தொடங்கிய தனியார் அமைப்பு. அவர் குடும்பத்தின் கையிலேயே இருந்துவருவது. 'ஸ்டாக் கார்' என்றால் ஷோரூமில் விற்கும் காரின் சாயலில் இருக்கும் பந்தயக் கார். மேல்தோற்றம்தான் அப்படி, உள்ளே எல்லாமே வேறு. ஃபுளோரிடாவின் டேடோனா கடற்கரை மணலில் ஓடிக்கொண்டிருந்த இந்தக் கார்களுக்காக பிரான்ஸ் கட்டிய தளம் 1959இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 2.5 மைல். திருப்பங்களில் 31 டிகிரி சாய்வு. காரை விடுங்கள், நடந்து மேலே ஏறுவதே பாடு. மொத்தம் 200 சுற்று, 500 மைல்.

இதை வெல்வதற்கு நாஸ்கார் உலகில் தனி மரியாதை. ரஸ்டி வாலஸ் உச்சத் தொடரில் 55 பந்தயங்கள் வென்றவர், டோனி ஸ்டுவர்ட் 49. இருவரும் டேடோனா 500ஐ ஒருமுறைகூட வென்றதில்லை. அவர்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் குறையைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். மறுபக்கம், 1990இல் எர்ன்ஹார்டின் டயர் கடைசிச் சுற்றில் பஞ்சரானதால் டெரிக் கோப் வென்றார். 2011இல் டிரெவர் பெய்ன், இருபது வயது முடிந்த மறுநாள், வென்றார். பெய்னுக்கு உச்சத் தொடரில் வேறு வெற்றியே கிடையாது. இருந்தாலும் பெயர் நின்றுவிட்டது. ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால் யாரும் இறக்க முடியாது.

பட்டியலின் முதல் பெயர் எப்படி எழுதப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். 1959 பிப்ரவரி 22. கடைசிக் கோட்டை லீ பெட்டியும் ஜானி பூஷாம்பும் ஒன்றாகத் தாண்டினார்கள். ஒரு சுற்று பின்தங்கியிருந்த ஜோ வெதர்லியின் காரும் கூடவே வந்ததால் குழப்பம் இன்னும் கூடியது. பூஷாம்ப் வென்றதாக அறிவித்து, அவரை மேடைக்கும் அனுப்பிவிட்டார்கள். லீ பெட்டி ஒத்துக்கொள்ளவில்லை. புகைப்படங்கள் திரட்டப்பட்டன, செய்திப்படச் சுருள் வரவழைக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து, புதன்கிழமை, பெட்டிதான் வென்றார் என்று தீர்ப்பு வந்தது. இரண்டடி வித்தியாசத்துக்காக மூன்று நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நல்ல விஷயம்தான்.

அதே ஃபுளோரிடா, 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். வெண்டெல் ஸ்காட் என்ற கறுப்பின ஓட்டுநர் எல்லோரையும்விட இரண்டு சுற்று முன்னால் இருந்தார். ஆனால் வெற்றிக் கொடி வெள்ளையரான பக் பேக்கருக்கு அசைக்கப்பட்டது. கோப்பையும் அவருக்கே. ரசிகர்கள் வீட்டுக்குப் போன பிறகு, கணக்கில் பிழை என்று சொல்லி ஸ்காட்டை வெற்றியாளராக அறிவித்தார்கள். ஸ்காட் 1990இல் இறந்துபோனார். நாஸ்கார் அவர் குடும்பத்தை அழைத்து முறையாக ஒரு கோப்பையைக் கொடுத்தது 2021இல். டேடோனாவில் இரண்டடியை அளக்கத் தெரிந்த அமைப்புக்கு ஜாக்சன்வில்லில் ஒரு மைல் முன்னால் போன மனிதர் கண்ணில் படவில்லை. யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட கண் அது.

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு 2000ஆம் ஆண்டுக்கு வருவோம்.

மே 12. நியூ ஹாம்ப்ஷயர் தளத்தில் பயிற்சி ஓட்டம். ஆடம் பெட்டி, வயது 19, மூன்றாவது திருப்பத்தில் சுவரில் மோதி இறந்தார். 1959இல் வென்ற லீ பெட்டியின் கொள்ளுப்பேரன், ஏழு முறை டேடோனா 500 வென்ற ரிச்சர்ட் பெட்டியின் பேரன். கொள்ளுத்தாத்தா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 7. அதே தளம், அதே திருப்பம், மறுபடியும் பயிற்சி ஓட்டம். கென்னி இர்வின், வயது 30. அக்டோபர் 13. டெக்சஸ் தளத்தில் டிரக் தொடரின் பந்தயம். டோனி ரோப்பர், வயது 35, மறுநாள் இறந்தார். மூவரையும் கொன்றது தலை-கழுத்துக் காயம்.

இதன் பொறியியல் சிக்கலானது இல்லை. ஓட்டுநரின் உடல் பல பட்டைகளால் இருக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருக்கும். கார் சுவரில் மோதி நொடியின் சிறு பகுதிக்குள் வேகம் இழக்கும்போது, உடல் காரோடு நின்றுவிடும். தலை நிற்காது. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து முன்னால் பாயும். அந்த மொத்த விசையையும் கழுத்து ஒன்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். அளவு மீறும்போது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைகிறது. காரில் பெரிய சேதம் தெரியாது, முகத்தில் கீறல்கூட இருக்காது, ஆள் இருக்க மாட்டார். கட்டிப் போட்ட பட்டை மார்பைக் காத்தது; அந்த வேலையில் தலையைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கில் சேர்த்தவர்கள் இருந்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரி இயக்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹப்பர்ட், அவருடைய மைத்துனரும் பந்தய ஓட்டுநருமான ஜிம் டவுனிங். 1980களின் தொடக்கத்தில், டவுனிங்கின் நண்பர் ஒருவர் இதே வகைக் காயத்தில் இறந்தபோது இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். உருவானது ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்பு. தோள்பட்டைகளுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கழுத்துவளையம், அதிலிருந்து ஹெல்மெட்டின் இரு பக்கமும் போகும் வார்கள். மோதும்போது உடலோடு சேர்த்துத் தலையையும் பிடித்து நிறுத்தும். அவ்வளவுதான். 1990களின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆடம் பெட்டி மோதிய நாளில் அது கடையில் கிடைத்த பொருள்.

மூன்று மரணங்களுக்குப் பிறகு நாஸ்கார் சும்மா இருந்தது என்று சொன்னால் அது அநியாயம். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில், ஸ்டியரிங்கிலேயே எஞ்சினை அணைக்கும் சுவிட்சைக் கட்டாயமாக்கினார்கள். செப்டம்பரில் நியூ ஹாம்ப்ஷயர் பந்தயத்தில் கார்களின் வேகத்தையும் குறைத்தார்கள். ஆனால் கழுத்து விஷயத்தில் மட்டும் ஓட்டுநரின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். ஹான்ஸ் போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம். 2001 பிப்ரவரியில் டேடோனா 500க்கு வந்த 43 பேரில் அதைப் போட்டிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

'விருப்பம்' என்ற இந்தச் சொல்லைத்தான் நான் நம்பவில்லை. நாஸ்கார் ஓட்டுநர் விருப்பத்தைக் கேட்டு நடக்கிற அமைப்பே கிடையாது. 1987இல் டல்லடேகா தளத்தில் பாபி ஆலிசனின் கார் 200 மைல் வேகத்தில் மேலெழும்பி, பார்வையாளர் பக்கத் தடுப்புவேலியைக் கிழித்தது. பார்வையாளர்கள் சிலர் காயமடைந்தார்கள். இன்னும் சில அடி போயிருந்தால் கார் கூட்டத்துக்குள் விழுந்திருக்கும். 1988இலிருந்து டேடோனாவிலும் டல்லடேகாவிலும் ஒவ்வொரு எஞ்சினிலும் நான்கு துளை போட்ட ஒரு மெல்லிய தகடு கட்டாயமானது. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது அதன் வேலை. ஓட்டுநர்களுக்கு அது பிடிக்கவில்லை, எர்ன்ஹார்டுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர்களை யார் கேட்டார்கள்?

அந்தத் தகடு இன்னொன்றும் செய்தது. எல்லா எஞ்சினும் ஏறக்குறைய ஒரே பலத்துக்கு வந்துவிட்டதால், யாரும் யாரையும் விட்டு விலகிப் போக முடியவில்லை. முப்பது நாற்பது கார்கள் ஒரே கொத்தாக, பம்பருக்குப் பம்பர் ஒட்டி ஓடின. ஒருவர் தடுமாறினால் இருபது பேர் சுவரில். பார்வையாளருக்கான ஆபத்தைக் குறைத்த விதி ஓட்டுநரைப் புதிய ஆபத்தில் தள்ளியது. அது அவசியமான விதி என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வேலிக்கு வெளியே இருப்பவருக்கு ஆபத்து என்றால் அடுத்த சீசனிலேயே கட்டாயம், உள்ளே இருப்பவருக்கு என்றால் அவரவர் விருப்பம் என்பது எந்த ஊர் நியாயம்?

2001 பிப்ரவரி 18. கடைசிச் சுற்றில் முன்னால் ஓடிய மைக்கேல் வால்ட்ரிப், இரண்டாவதாக ஓடிய டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் இருவரின் கார்களுக்கும் சொந்தக்காரர் மூன்றாவதாக ஓடிய எர்ன்ஹார்ட்தான். பின்னால் வந்த கூட்டத்தை அவர் தடுத்துக்கொண்டிருந்தார். நான்காவது திருப்பத்தில் ஸ்டெர்லிங் மார்லினின் கார் உரசியது. எர்ன்ஹார்டின் 3ஆம் எண் கார் திரும்பி மேலேறிச் சுவரில் மோதியது. பார்க்கச் சாதாரண விபத்து. அந்த மனிதர் இதைவிட மோசமான எத்தனையோ விபத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறார். 462 பந்தயங்கள் தோற்ற பிறகு வென்ற வால்ட்ரிப் மேடையில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அவருடைய முதலாளி இறந்திருந்தார். வயது 49. மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்திருந்தது.

அதற்குப் பின் நடந்ததையும் வரிசையாகப் பாருங்கள். ஐந்தாம் நாள் நாஸ்கார் செய்தியாளர்களைக் கூட்டி, இடுப்புப் பட்டை அறுந்திருந்ததாகச் சொன்னது. ரசிகர்கள் மார்லினுக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள். அவர்மேல் தப்பில்லை என்று எர்ன்ஹார்டின் மகனும் வால்ட்ரிப்பும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஆகஸ்டில் பெரிய விசாரணை அறிக்கை வந்தது. அப்போதும் கழுத்துக் காப்பு கட்டாயமில்லை. அக்டோபர் 4ஆம் தேதி, ஷார்லட் தளத்தில், வேறொரு அமைப்பின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் என்ற 25 வயது ஓட்டுநர் இதேபோல் இறந்தார். அதற்குப் பின், அக்டோபர் 17 அன்றுதான் விதி வந்தது. அதற்குள் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் யாரும் சொல்லாமலே ஹான்ஸ் மாட்டத் தொடங்கிவிட்டார்கள். ஏழு முறை சாம்பியன் ஆனவர் செத்தும் எட்டு மாதம் ஆகியிருக்கிறது. சாம்பியன் இல்லாத மூவர் செத்தபோது விவாதம்தான் நடந்தது.

இதற்குப் பதில்கள் தயாராக இருக்கின்றன. முதல் பதில்: ஓட்டுநர்களே அதை வேண்டாம் என்றார்கள், எர்ன்ஹார்டே அதைக் கேலி செய்தவர். உண்மை. அசௌகரியம், பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது, தீப்பிடித்தால் வெளியேறச் சிரமம் என்றார்கள். இவற்றில் சில நியாயமான கவலைகள். ஆனால் பந்தயத்தில் தன் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவன் கோழை என்ற பேச்சு நிலவுகிற இடத்தில், 'விருப்பம்' என்பது விருப்பமே ஆகாது. பயந்தவன் என்று பேரெடுக்க யாருக்கும் மனமில்லை. இந்தக் கூச்சத்திலிருந்து ஆளை மீட்கத்தான் கட்டாய விதி தேவைப்படுகிறது. எல்லோரும் போட்டால் யாரும் கோழையில்லை.

இரண்டாவது பதில்: நடந்து முடிந்த பிறகு புத்தி சொல்வது சுலபம். சரி, முதல் மரணத்துக்கு இதை ஏற்கிறேன். இரண்டாவதற்கும் அரைமனதாக ஏற்கலாம். ஐந்து மாதத்தில் மூன்றாவது ஆள் இறந்தபோது, தீர்வு கடையில் விற்றுக்கொண்டிருந்தபோது, இந்தச் சமாதானம் செல்லாது.

மூன்றாவது பதில்தான் நான் தொடக்கத்தில் சொன்ன தியாகக் கதை. எப்படியோ மாற்றம் வந்ததே, அவர் மரணம் வீண்போகவில்லையே என்பது. இதில்தான் எனக்குக் கோபம். எர்ன்ஹார்ட் எதையும் தியாகம் செய்யவில்லை. இருபதாவது முயற்சியில், 1998இல், அந்தப் பட்டியலில் ஏறியவர். பந்தயம் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போக நினைத்த மனிதர். தியாகி என்று சொன்னவுடன் அவருடைய மரணத்துக்கு ஒரு நோக்கம் வந்துவிடுகிறது, தடுத்திருக்கக்கூடியவர்களின் பொறுப்பு காணாமல் போய்விடுகிறது. கூடவே ஆடமும் இர்வினும் ரோப்பரும் முன்னுரையில் வரும் அடிக்குறிப்பு ஆகிவிடுகிறார்கள்.

மென்பொருள் துறையில் இருப்பதால் இந்த மனநிலை எனக்கு அந்நியமானதில்லை. ஒரே பிழையைச் சின்ன வாடிக்கையாளர்கள் மூன்று பேர் தனித்தனியாகப் புகார் செய்வார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு உள்ளூர்க் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, 'முன்னுரிமை குறைவு' என்று கோப்பு மூடப்படும். நாலாவதாகப் பெரிய வாடிக்கையாளரின் சிஸ்டம் படுத்துவிட்டால் அன்று ராத்திரி யாருக்கும் தூக்கம் கிடையாது. மறுவாரம் எழுதப்படும் அறிக்கையில் அந்த நாலாவது சம்பவம்தான் 'கண்டறியப்பட்ட நாள்'. முதல் மூவரும் சொன்னது அதே பிழையைத்தான். அவர்களுடைய பில் தொகை சிறியது. எங்கள் வேலையில் இதனால் போவது பெரும்பாலும் பணம். நாஸ்காரில் போனது 19 வயதுப் பையன்.

இது ஸ்டாக் காருக்கு மட்டுமான நோயும் இல்லை. ஃபார்முலா ஒன் ரசிகர்களைக் கேட்டால் 1994 இமோலா என்றதும் சென்னா என்பார்கள். சென்னா மே 1 அன்று இறந்தார். முந்தைய நாள், அதே தளத்தில், தகுதிச் சுற்றில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் இறந்திருந்தார். அவருக்கும் உடைந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி. மறுநாள் பந்தயம் குறித்த நேரத்தில் தொடங்கியது.

விதி வந்த பிறகு என்ன நடந்தது என்பது கண்முன்னால் இருக்கிறது. கழுத்துக் காப்பு, மோதலின் விசையை உறிஞ்ச கான்கிரீட்டுக்கு முன்னால் எஃகுக் குழாயும் நுரைக் கட்டிகளும் வைத்த சுவர்கள், தலையைச் சுற்றி அணைக்கும் இருக்கைகள். எர்ன்ஹார்டுக்குப் பின் நாஸ்காரின் உச்சத் தொடர்ப் பந்தயத்தில் ஓட்டுநர் எவரும் இறக்கவில்லை. 2010இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நாஸ்காரின் டிரக் தொடரில் ஓட்டினார், ரோப்பர் இறந்த அதே தொடரில். கழுத்துக் காப்பு மாட்டுவது அவருடைய துணிச்சலைப் பற்றிய கேள்வியாக இருக்கவில்லை. அது விதி.

2020 டேடோனா 500. கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்த ரயன் நியூமனின் கார் சுவரில் மோதி, காற்றில் புரண்டு, ஓட்டுநர் பக்கத்தில் இன்னொரு காரிடம் முழு வேகத்தில் அடி வாங்கியது. எர்ன்ஹார்டின் விபத்தோடு ஒப்பிட்டால் பார்க்கப் பலமடங்கு கொடூரம். இரண்டு நாள் கழித்து, இரண்டு மகள்களின் கையைப் பிடித்தபடி மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார். முன்கண்ணாடிப் பகுதியில் கூரையைத் தாங்க நாஸ்கார் சேர்த்திருந்த கூடுதல் கம்பிகளில் ஒன்றுக்கு, அவருடைய முந்தைய விபத்தின் காரணமாக, அவர் பெயரே வழங்குகிறது. நியூமன் பொறியியல் பட்டதாரி. அந்தக் கம்பியை வைக்க அவர் சாக வேண்டியிருக்கவில்லை. பட்டியலைப் பார்த்தால் 2020க்கு நேரே டென்னி ஹாம்லின் என்று மட்டும் இருக்கும்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று உண்டு. 1963: டைனி லண்ட். அந்தப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, டேடோனாவில் வேறொரு காரைச் சோதித்துக்கொண்டிருந்த மார்வின் பாஞ்ச், கார் கவிழ்ந்து தீயில் சிக்கினார். ஓடிப்போய் அவரை வெளியே இழுத்தவர்களில் ஒருவர் லண்ட், அந்த ஆண்டு ஓட்டக் கார் இல்லாமல் வந்திருந்தவர். மருத்துவமனையிலிருந்த பாஞ்ச், தன் காரை லண்ட் ஓட்டட்டும் என்று உரிமையாளர்களான வுட் சகோதரர்களிடம் கேட்டுக்கொண்டார். லண்ட் ஓட்டினார், வென்றார். பாஞ்ச் அதற்கு இரண்டு ஆண்டு முன்பு டேடோனா 500 வென்றவர். ஆனால் லண்ட் தீக்குள் கை விட்டபோது உள்ளே இருப்பவர் எத்தனை பந்தயம் வென்றவர் என்று கணக்குப் பார்த்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

ஓர் ஓட்டுநர் செய்ததை அவரை வைத்துப் பந்தயம் நடத்தும் நிறுவனமும் செய்யலாம். அடுத்த பிப்ரவரியில் எர்ன்ஹார்டுக்காகத் தளம் மௌனம் காக்கும்போது, நினைவுகூரல் 2000 மே 12இலிருந்து தொடங்கட்டும். ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர், டேல் எர்ன்ஹார்ட் என்று இறந்த வரிசையிலேயே பெயர்களைப் படிக்கட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. எர்ன்ஹார்டின் பெயருக்கு முன்னால் மூன்று பெயர்கள் இருந்தன என்பதை அங்கே நிற்கும் ஒவ்வொருவரும் காதால் கேட்டாக வேண்டும்.